கூரையை நம்பாதீர்கள்: கரையோர நகரக் குடியிருப்பை நடந்து அறியும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலிருந்து கல்முனை வரை, கடலோரக் குடியிருப்பு எதற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓட்டுக் கூரையும் பூசி முடித்த சுவரும்தான். வாழ்நிலை மதிப்பீட்டுப் படிவங்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்: ஓடு என்றால் இத்தனை புள்ளி, தகரம் என்றால் இத்தனை, கிடுகு என்றால் பூச்சியம். இந்தக் கரையில் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இங்கே எழுந்த வீடுகளில் ஏராளமானவை நன்கொடைப் பணத்தில் வந்தவை. அவற்றின் கூரை கொடுத்தவரின் கையிருப்பைச் சொல்லும். உள்ளே இருப்பவர் இன்று எப்படிச் சீவிக்கிறார் என்பதைச் சொல்லாது. ஓட்டு வீட்டுக்குள் இருந்துகொண்டு கடன் கொப்பியில் அரிசி வாங்கும் குடும்பமும் உண்டு. தகரக் கொட்டிலில் இருப்பவர் சொந்தமாக இயந்திரப் படகு வைத்திருப்பதும் உண்டு.

இன்னொரு பொறி சீதன வீடு. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருக்கிறார். மேல்தட்டில் கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் வீட்டைப் பார்த்து ‘காசு முடிந்துவிட்டது போல’ என்று எழுதுபவர்கள் பலர். அது அடுத்த மகளுக்கு வைத்த இடமாக இருக்கலாம். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சாய்ப்புக்குள் ஒதுங்கியிருப்பது வீதியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆகவே வீட்டின் முகத்தைக் கடைசியில் வையுங்கள். தண்ணீர், மலக்குழி, வெள்ளம் நின்ற கறை, அடுப்பு, இரவு வெளிச்சம் ஆகிய ஐந்தும் ஒரு குடியிருப்பின் நிலையை நேராகச் சொல்பவை. கீழே வருவது அவற்றை நடந்து பார்த்துப் பதியும் முறை. சங்கங்களின் வெளிக்களத் தொண்டர்களுக்கும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக வளாகங்களிலிருந்து களத்துக்கு வரும் மாணவர்களுக்கும் பொருந்தும்.

எல்லையும் துண்டும்

ஒரு கிராம அலுவலர் பிரிவை முழுதாக எடுக்காதீர்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான இடங்களில் அது இரண்டு பேருக்கு அடங்காது. 150 முதல் 200 வீடுகள் போதும். எல்லையாக நடந்து தொடக்கூடிய ஒன்றை வையுங்கள்: வீதி, கான் (வடிகால்), வாவிக்கரை, பாடசாலை மதில். செய்மதிப் படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, ஒழுங்கைகளைச் சுமார் 100 மீற்றர் துண்டுகளாக வெட்டி இலக்கமிடுங்கள். வளர்ந்தவர் ஒருவர் சாதாரணமாக நடந்தால் 100 மீற்றர் ஏறத்தாழ 130, 140 எட்டு. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். நாடா பிடித்து ஒருதரம் உங்கள் எட்டை அளந்து கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், பிறகு நாடாவே வேண்டாம்.

செய்மதிப் படத்தில் ஒழுங்கையாகத் தெரிவது தரையில் மதிலால் அடைபட்டிருக்கும். மரக் கூடலாகத் தெரிவதன் கீழ் எட்டு வீடு இருக்கும். அதனால் முதல் நடை படத்தைத் திருத்துவதற்கு மட்டுமே.

எப்போது போவது

இந்தப் பக்கத்தில் மழையின் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்க்கிறது. ஆகஸ்ட், செப்டெம்பரில் மட்டும் பார்த்தவர் ‘வடிகால் பிரச்சினை இல்லை’ என்று எழுதுவார். டிசம்பரில் மட்டும் பார்த்தவர் கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று எழுதுவார். இருவரும் கண்டதைத்தான் எழுதினார்கள். ஆனாலும் இரண்டும் பிழை. வெயில் உச்சத்தில் ஒருதரம், மாரியில் ஒருதரம் போவதே முறை. ஒருதரம்தான் முடியும் என்றால் மாரியைத் தெரிவு செய்யுங்கள். பெருமழை விட்டு 24 மணித்தியாலத்தில் ஒரு நடை, 72 மணித்தியாலத்தில் இன்னொரு நடை. முதல் நாள் தண்ணீர் எல்லா இடத்திலும் நிற்கும். மூன்றாம் நாளும் எங்கே நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

ஒரே நாளில் மூன்று நேரம் நடக்க வேண்டும். காலை 5.30 முதல் 7 வரை: தண்ணீர் எடுப்பவர்கள், மீன் இறங்கும் நேரம், பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைகள். 10.30க்கு மேல்: வேலைக்குப் போகாமல் ஊரில் நிற்பவர்கள் யார், பாடசாலை நேரத்தில் ஒழுங்கையில் திரியும் பிள்ளைகள் எத்தனை பேர். மாலை 6.45 முதல் 7.45 வரை: வெளிச்சம். முஸ்லிம் பகுதிகளில் வெள்ளி மத்தியானமும், தமிழ்ப் பகுதிகளில் கோயில் திருவிழா நாட்களும் வேண்டாம். அன்றைய ஊர் வேறு ஊர்.

சொல்லிவிட்டுப் போங்கள்

கணக்கெடுக்க வந்தவரைக் கண்டு அஞ்சிய காலம் இந்த ஊர்களுக்கு ஒன்று இருந்தது. வீட்டை எண்ணுகிறவர், பெயரைக் குறிக்கிறவர் என்றாலே முதியவர்கள் கதவைச் சாத்திக்கொள்வது காரணமில்லாமல் அல்ல. பிரதேச செயலகத்துக்குக் கடிதம், கிராம உத்தியோகத்தருக்கு நேரில் ஒரு சொல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும், கோயில் பரிபாலன சபைக்கு அல்லது பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும் ஒரு சொல். இவ்வளவும் முடிந்த பிறகே நடை. நிவாரணம் தரப்போவதாக யாரும் எண்ணாதபடி ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அரச நிவாரணக் கொடுப்பனவான அஸ்வெசும பெயர்ப்பட்டியலுக்கு ஆள் வந்திருக்கிறது என்று ஒரு கதை கிளம்பினால், அன்று மாலைக்குள் ஒழுங்கையில் உள்ள மோட்டார் சைக்கிள் எல்லாம் பின்வளவுக்குப் போய்விடும்.

இரண்டு பேர், அதிகபட்சம் மூன்று. ஒருவர் பெண்ணாக இருப்பது கட்டாயம். மலசலகூடத்தைப் பற்றியோ இரவு நடமாட்டத்தைப் பற்றியோ வீட்டுப் பெண்கள் ஆணிடம் உண்மை சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. கையில் சின்னக் கொப்பி, பென்சில், மூன்று மீற்றர் நாடா, 10 லீற்றர் வாளி, செக்கன் பார்க்க ஒரு போன் இருந்தால் போதும். எழுதும் பலகையை வீட்டில் வையுங்கள், அது உங்களை அதிகாரி ஆக்கிவிடும். படம் எடுப்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். ஆட்களையும் வீட்டு உள்வளவையும் எடுக்கவே வேண்டாம்.

வழிகாட்ட ஒருவர் கூடவே வருவார். நல்ல மனிதராகவும் இருப்பார். அவர் கொங்கிறீட் போட்ட வீதியாகவே கூட்டிக்கொண்டு போவார். முதல் நாள் அவர் பின்னால் நடங்கள், மறுநாள் அவர் திரும்பிய சந்திகளில் நீங்கள் திரும்பாமல் நேரே போங்கள். வாவிக்கரைக்கு இறங்கும் கடைசி ஒழுங்கை, கானுக்கு அப்பால் உள்ள நாலு வீடு, மயானத்துக்குப் பின்புறம் என்று வறுமை ஒதுங்கும் இடங்கள் அநேகமாக அந்தத் திசையில் இருக்கும்.

அடுப்பை எண்ணுங்கள்

ஒரு கதவிலக்கத்துக்குள் எத்தனை குடும்பம்? கேட்டால் ‘எல்லாரும் ஒண்டுதான்’ என்பார்கள். அதுவும் பொய் இல்லை. பார்த்து அறிய மூன்று வழி. வாசற்சுவரில் உள்ள மின்மானிகள், பின்பக்கம் எழும் புகை அல்லது வெளியே தெரியும் எரிவாயுச் சிலிண்டர்கள், துணிக்கொடி. ஒரே வளவில் இரண்டு அடுப்பு என்றால் இரண்டு குடும்பமாக எண்ணுங்கள். மின்மானி மட்டும் பார்த்தால் குறைத்து எண்ணுவீர்கள். ஒரு இணைப்பிலிருந்து வயர் இழுத்துப் பின்வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்திருப்பார்கள். மாமரத்துக்கு மேலாகப் போகும் அந்த வயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அது மாரிக் காற்றில் அறும்.

இட நெருக்கடிக்கு ஐ.நா. வாழ்விட அமைப்பு பின்பற்றும் அளவு எளிது: ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் என்றால் இடம் போதாது. அறையை எண்ண உள்ளே போக வேண்டியதில்லை. கேட்டால் சொல்வார்கள். ஆனால் ‘எத்தனை அறை’ என்று கேட்பதைவிட ‘இரவில் யார் எங்கே படுக்கிறது’ என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் சரியான விடை வரும், விறாந்தையில் படுக்கும் பெரிய மகனும் கணக்கில் வருவான்.

விறகா எரிவாயுவா என்பதை அன்று கண்டதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 2022இல் எரிவாயு கிடைக்காமல் விறகுக்குத் திரும்பிய வீடுகளில் பல இரண்டையும் வைத்திருக்கின்றன. சிலிண்டரின் மேல் துணி மடித்து வைத்திருந்தால் அது அடுப்போடு இல்லை என்று பொருள்.

தண்ணீர்

உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரப் பகுதிக்குக் குழாயில் வந்தாலும், கிணறு வழக்கொழிந்து போகவில்லை. எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரித்து எழுதுங்கள்: குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க. ‘குழாய் உண்டு’ என்று ஒரு சொல்லில் எழுதிய படிவம் எதற்கும் உதவாது.

பொதுக்குழாயில் 10 லீற்றர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். அனர்த்த நிவாரண வேலையில் உலகளவில் பிடிக்கும் அளவு, ஒரு குழாய்க்கு நிமிடத்துக்கு 7.5 லீற்றர், அதற்கு 250 பேருக்கு மேல் இல்லை. அதாவது உங்கள் வாளி 80 செக்கனில் நிறைய வேண்டும். இதைக் காலை 6 மணிக்குப் பாருங்கள். பகல் 11 மணிக்கு எந்தக் குழாயும் பாய்ந்து வரும். பதிவு இப்படி இருக்கட்டும்:

துண்டு 4, கடற்பக்கம். காலை 6.20. ஒரு குழாய். பெண்கள் 3, பிள்ளை 1. நீலக் கலன் 7 வரிசையில். வாளி நிறைய 2 நிமிடம் 10 செக்கன். அரை மணித்தியாலம் நின்றதில் வந்த ஆண் ஒருவர், சைக்கிளில்.

பெயர் இல்லை, கருத்து இல்லை. ஆனால் நிமிடத்துக்கு ஐந்து லீற்றர்கூட வரவில்லை என்பதும், யாருடைய காலை நேரம் அதில் போகிறது என்பதும் தெரிந்துவிட்டது.

கிணற்று நீருக்கு வாளியையே பாருங்கள். வெள்ளை வாளியின் உட்பக்கம் செங்கபிலமாகப் படிந்திருந்தால் இரும்பு, கறல் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் உப்பு அல்லது சுண்ணாம்பு. சவர் (உப்புத்தன்மை) ஏறும் மாதத்தைக் கேட்டு எழுதுங்கள். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, சுற்றிவரச் சீமெந்துத் தளம் இருக்கிறதா, அதில் வெடிப்பு இருக்கிறதா? வெடிப்பால் துவைத்த தண்ணீர் திரும்ப உள்ளே இறங்கும்.

குழி

இங்கே அதிகம் தவறவிடப்படுவதும், அதிகம் கெடுதி செய்வதும் இதுதான். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி என்பது வழமையாகச் சொல்லப்படும் அளவு. 6 பேர்ச் காணியை எடுத்துக்கொள்ளுங்கள்: கிட்டத்தட்ட 30 அடிக்கு 54 அடி. வீட்டையும் வைத்துக்கொண்டு அதற்குள் 50 அடி பிரிக்க, கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருக்க வேண்டும். அப்படியே வைத்தாலும், எதிர் மூலைக்கு மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கும். அதனால் ஒரு வளவுக்குள் மட்டும் அளப்பவர் எப்போதும் ‘தூரம் சரி’ என்றே எழுதுவார். அளக்க வேண்டியது அயலவன் குழிக்கும் இவர் கிணற்றுக்கும் இடைப்பட்ட தூரம்.

உள்ளே போகாமல் எப்படி அறிவது? குழிக்கு மேலே கிளம்பும் காற்றுக்குழாயைத் தேடுங்கள். மதிலுக்கு மேலால் சாம்பல் நிறக் குழாய் ஒன்று வலைமூடியோடு தெரியும். படத்தில் அதை ஒரு புள்ளியாகவும் கிணற்றை ஒரு வட்டமாகவும் இட்டுக்கொண்டு போனால், ஒழுங்கை முடியும்போது எந்த வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள் மொய்க்கின்றன என்பது தானாகத் தெரியும். காற்றுக்குழாய் இல்லாத குழிகளும் உண்டு. அவற்றைக் கேட்டுத்தான் இட வேண்டும்.

கரையோர மணலில் நிலத்தடி நீர் மாரியில் மேலே வந்து குழிக்குள் புகும். அப்போது ஊற்றிய தண்ணீர் இறங்காது. பெண் தொண்டர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘மார்கழி மாசம் என்ன செய்வீங்க?’ அயல் வீடு, உறவினர் வீடு, இருட்டும்வரை பொறுத்திருத்தல் என்று வரும் விடைகளை அப்படியே எழுதுங்கள். உயர்த்திக் கட்டிய, மூன்று நாலு படி ஏறிப் போகும் மலசலகூடம் கண்டால் அந்த வீட்டார் இந்த அனுபவத்துக்குப் பிறகு செலவழித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒழுங்கையின் ஆக ஒடுங்கிய இடத்தையும் நாடா பிடித்து எழுதுங்கள். லொறியின் உடலே ஏறத்தாழ 2.5 மீற்றர் அகலம். அதைவிட ஒடுங்கிய வழியில் குழி உறிஞ்சும் பவுசர் வராது, தீயணைப்பு வண்டியும் வராது. சுனாமிக்குப் பின் எழுந்த மாடி வீட்டுத் தொகுதிகளில் கேள்வி வேறு: பொதுக் குழியை யார் பராமரிக்கிறார், காசு யார் சேர்க்கிறார், கீழ்த்தட்டில் இருப்பவருக்கு மட்டும் ஏன் மணக்கிறது.

வெள்ளக் கறை, கான், நுளம்பு

மதிலில் வெள்ளம் நின்ற கறை கிடையாகக் கோடு போட்டிருக்கும். இரண்டு உயரம் அளவிடுங்கள்: வீதியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், வீட்டு வாசல் தளத்திலிருந்து எத்தனை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கதை சொல்லும். புதிதாகக் கொங்கிறீட் போட்டு உயர்த்திய வீதிகளில் வளவு கீழே போய்விட்டது. முன்பு வீதியால் ஓடிய தண்ணீர் இப்போது வாசலால் இறங்குகிறது. வீதி வேலை முடிந்ததற்குப் படம் எடுத்தவர் கறையைப் படம் எடுப்பதில்லை.

கானுக்குக் கல் கட்டியிருக்கிறதா என்பதைவிட அது எங்கே போய் முடிகிறது என்று நடந்து பாருங்கள். பாதியில் நின்றுபோன கான் ஒரு நீளமான குளம். வாவியை அண்டிய இடங்களில் வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டும் முன் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, வெட்டிய பின் எத்தனை நாளில் வடிந்தது என்று பிரித்துக் கேளுங்கள். வெட்டிய பிறகும் வடியாத இடத்தில் பழி வாவியில் இல்லை, உள்ளூர்க் கானில்தான்.

டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். குடம்பி தேடி வீடு வீடாக ஏறுவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. நீங்கள் ஒழுங்கையிலிருந்து தெரிபவற்றை எண்ணினால் போதும்: ரயர், சிரட்டை, தயிர்ச் சட்டி, அடைபட்ட கூரைப் பீலி, மூடாத தாங்கி. மீனவர் பகுதியில் மறக்கக்கூடாதது, கரையில் நிமிர்த்தியபடி விட்ட பழைய பைபர் தோணி. ஒன்றில் தேங்கும் மழைநீர் நூறு சிரட்டைக்குச் சமம். குப்பையைப் பற்றி நீட்ட வேண்டாம். வண்டி வரும் நாள், அது நுழையாத ஒழுங்கை, எரித்த சாம்பல் உள்ள இடம், மூன்றும் போதும்.

இருட்டில்

தெரு விளக்குகளை ‘எத்தனையில் எத்தனை எரிகிறது’ என்று எழுதுங்கள்: 11இல் 4. எரியாத விளக்கின் கீழ் யார் நடக்கிறார்கள், யார் சுற்றிப் போகிறார்கள் என்று பத்து நிமிடம் பாருங்கள். தனியார் வகுப்பு விட்டு வரும் பெண்பிள்ளைகளை எந்தச் சந்தி வரை தாய்மார் வந்து கூட்டிப் போகிறார்கள் என்பது, பாதுகாப்பைப் பற்றி எந்தக் கேள்விக்கொத்தையும்விடச் சரியான அளவு.

எழுதுவதும் சரிபார்ப்பதும்

கொப்பியில் மூன்று நிரல்: கண்டது, கேட்டது, நினைத்தது. ‘வீட்டு வாசலில் ஆண்கள் ஐந்து பேர், காலை 10.40, சீட்டு’ என்பது கண்டது. ‘வேலையில்லாதவர்கள்’ என்பது நினைத்தது. அவர்கள் விடியற்காலை இரண்டு மணிக்குக் கடலுக்குப் போய்த் திரும்பியவர்களாக இருக்கலாம். கண்டதற்கும் நினைத்ததற்கும் இடையிலான இந்தக் கோட்டை அழித்து எழுதிய அறிக்கைகளால்தான் மீனவக் குடியிருப்புகள் ‘சோம்பல்’ என்று பெயர் வாங்கின.

நடை முடிந்த அன்றே ஆறேழு பேரோடு பத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். மூலைக்கடைக்காரர், ஓட்டோத் தரிப்பிடத்தில் நிற்பவர், பிரிவுக்குப் பொறுப்பான மருத்துவிச்சி, முன்பள்ளி ஆசிரியை, கரைவலைக்காரர், தையல் தைக்கும் பெண். கடைக்காரரிடம் வருமானம் கேட்காதீர்கள். அரிசி கிலோக் கணக்கில் போகிறதா, 250 கிராம் சீனியாகப் போகிறதா, கடன் கொப்பி மாத முடிவில் தீர்கிறதா என்று கேளுங்கள். கிழமைக் கடன் வசூலிக்கப் பெண்கள் கூடும் வீடு, நாள், நேரம் கேட்டால் நுண்கடன் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது பிடிபடும். அதைப் படத்தில் குறிக்காதீர்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் தண்ணீர், குழி, வெள்ளம், இட நெருக்கடி, வெளிச்சம் என ஐந்துக்கும் 0 (ஆக மோசம்) முதல் 3 (ஆக நல்லது) வரை புள்ளி இடலாம். இருவரும் தனித்தனியே இட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால் திரும்ப அந்த இடத்துக்கு நடக்க வேண்டும். கூட்டுத்தொகை மட்டும் போடாதீர்கள். தண்ணீர் 3, குழி 0 உள்ள துண்டும் இரண்டிலும் நடுத்தரமான துண்டும் கூட்டினால் ஒன்றாகத் தெரியும். முதலாவதில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும்.

படத்தைப் பெரிதாக வரைந்து வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு கிழமை தொங்கவிட்டு, பக்கத்தில் நூலில் பென்சில் கட்டுங்கள். வீட்டு இலக்கம், பெயர் எதுவும் அதில் இருக்கக்கூடாது. ஊரார் திருத்துவது பெரும்பாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை. அவர்கள் சொல்வதே சரி.

பிறகு பிரச்சினைக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு ஒரு இடம்: அளவு, திகதி, நேரம். உள் ஒழுங்கைக் கானும் தெரு விளக்கும் மாநகர, நகர அல்லது பிரதேச சபைக்கு. ஏ4 பிரதான வீதியோரக் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. குழாய் அமுக்கம் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. கிணறும் குழியும் நுளம்பும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. எல்லாவற்றையும் ஒரே அறிக்கையாகக் கட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரைக் காட்டும். பிரதியொன்றில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரை வாங்கி, கையெழுத்துப் போட்டவரின் பதவியையும் பக்கத்தில் குறித்துச் சங்கக் கோவையில் போட்டுவையுங்கள்.